நடு குழைவாக நிற்கும் சாக்லேட் குக்கீ: நாட்டுச் சர்க்கரையும் ஊத்துக்குளி வெண்ணெயும் கொண்டு சுடும் முறை

பேக்கரி கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் பிஸ்கட்டைக் கடித்தால் படக்கென்று உடையும். இங்கே சொல்லும் குக்கீ உடையக் கூடாது. ஓரம் மட்டும் பல்லில் லேசாகத் தட்டுப்பட்டு, உள்ளே போனதும் பால்கோவா போலக் குழைந்து நாக்கில் ஒட்ட வேண்டும். மேல்தோல் கோடையில் வறண்ட குளத்து மண் மாதிரி மெல்லிசாக வெடித்து, பளபளப்பாக இருக்கும்.

சாதாரண பிஸ்கட்டுக்கு உடம்பு மைதா. இதற்கு உடம்பு சாக்லேட். மைதா அதைக் கட்டி நிறுத்தும் அளவுக்குப் போதும். பலர் வீட்டில் செய்யும்போது மாவு இளகலாக இருக்கிறதே என்று பயந்து இன்னும் இரண்டு கரண்டி மைதா போட்டுவிடுகிறார்கள். அங்கேயே குக்கீ கேக்காக மாறிவிடுகிறது. அடுத்த தவறு, வெந்துவிட்டது என்று கண்ணுக்குத் தெரியும்வரை அடுப்பில் வைத்திருப்பது. கச்சாயத்துக்கு (வெல்லப்பாகில் செய்யும் பலகாரம்) பாகு எடுத்துப் பழகியவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். பாகு முற்றிய பிறகு இறக்கினால் கச்சாயம் கல்லாகும்; ஒரு நொடி முன்னதாக இறக்கி, போசியில் இருக்கும் சூட்டிலேயே அது பதத்துக்கு வர விட வேண்டும். இந்தக் குக்கீக்கும் அதே கணக்குதான்.

கீழே உள்ள அளவுக்கு 40 கிராம் எடையில் 16 குக்கீ வரும்.

டார்க் சாக்லேட் 200 கிராம் (உருக்க 150, பொடியாக நறுக்கிக் கலக்க 50)
உப்பில்லாத வெண்ணெய் 80 கிராம்
நாட்டுச் சர்க்கரை 100 கிராம்
வெள்ளைச் சர்க்கரை 50 கிராம்
முட்டை 2 (ஓடு நீக்கி சுமார் 100 கிராம்)
மைதா 90 கிராம்
கோகோ பவுடர் 20 கிராம்
பேக்கிங் பவுடர் அரை டீஸ்பூன்
தூள் உப்பு கால் டீஸ்பூன்
இன்ஸ்டன்ட் காபித் தூள் 1 டீஸ்பூன்
வெனிலா எசென்ஸ் 1 டீஸ்பூன்

எல்லாவற்றையும் எடை போட்டே எடுங்கள். டம்ளர் அளவு இதற்கு ஒத்துவராது. நாட்டுச் சர்க்கரையை அமுக்கி அளந்தால் ஒரு எடை, அள்ளிப் போட்டு அளந்தால் வேறொரு எடை. மைதாவும் அப்படித்தான். மாவில் 20 கிராம் கூடினாலே குழைவு போய்விடும் பண்டம் இது. கிராம் கணக்கில் நிறுக்கும் சின்னத் தராசு ஒன்று வாங்கிக்கொண்டால் பேக்கிங் வேலை முழுவதற்கும் உதவும்.

சர்க்கரை ஏன் இரண்டு வகை

குழைவு நாட்டுச் சர்க்கரையிலிருந்து வருகிறது. கரும்புச் சாற்றின் கசண்டு (மொலாசஸ்) அதில் இருப்பதால் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் கொஞ்சம் அதில் கலந்திருக்கும். அவை காற்றிலிருந்தும் ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் நாட்டுச் சர்க்கரை டப்பாவுக்குள் கசிந்து கட்டியாவதற்கும், மூன்றாம் நாளும் குக்கீ மெத்தென்று இருப்பதற்கும் காரணம் ஒன்றே. வெளிநாட்டுக் குறிப்புகள் இந்த இடத்தில் பிரவுன் சுகர் கேட்கும். ஈரோடு மாவட்டத்துக் கவுந்தப்பாடி பக்கத்தில் இருக்கையில் அதற்காக டவுனுக்குப் போய் அதிக விலை கொடுக்க வேண்டியதில்லை. கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் மூட்டை மூட்டையாக ஏலம் போய், பழனி பஞ்சாமிர்தத்துக்கும் போகிற அதே சரக்கு, சாக்லேட்டோடு சேரும்போது பிரவுன் சுகரை விட ஆழமான மணம் தருகிறது.

வாங்கும்போது நிறம் பாருங்கள். பளிச்சென்ற மஞ்சளாக இருந்தால் வெளுக்க ரசாயனம் சேர்த்திருக்க வாய்ப்பு அதிகம். மண் நிறமாகவோ அடர்ந்த பழுப்பாகவோ இருப்பதே நல்லது. வீட்டுக்கு வந்ததும் சல்லடையில் சலித்துவிடுங்கள். கரும்புச் சக்கையின் நாரும் சிறு மண்ணும் தங்கும், உடையாத கட்டிகளும் தனியாக வரும். கட்டிகளை மிக்சியில் ஒரு சுற்று விட்டுச் சேர்த்துக்கொள்ளலாம். இதைச் செய்யாவிட்டால் சுட்ட குக்கீயில் அங்கங்கே கருகிய சர்க்கரைப் பொட்டு தெரியும்.

வெள்ளைச் சர்க்கரையை முழுவதும் விட்டுவிட நினைக்காதீர்கள். மேலே வெடிக்கும் பளபளப்பான தோலுக்கு அது வேண்டும். முட்டையோடு சேர்த்து நுரைக்க அடிக்கும்போது சர்க்கரை முட்டையின் நீரில் கரைகிறது. அந்தக் கரைசல் சுடும்போது மேலே வந்து காய்ந்து, காகிதம் போன்ற படலமாகிறது. உள்ளே மாவு உப்பி மறுபடி அமுங்கும்போது படலம் வெடிக்கிறது. கசண்டு இல்லாத சர்க்கரையில் இந்தப் படலம் நன்றாக வரும். பெரிய படிகமாக இருந்தால் மிக்சியில் இரண்டு முறை விட்டு ரவை பதத்துக்குப் பொடித்துக்கொள்ளுங்கள்.

பேக்கிங் சோடா இங்கே ஏன் இல்லை என்ற கேள்வி வரலாம். சோடா வேலை செய்யப் புளிப்பு வேண்டும். பிரவுன் சுகரில் அது ஓரளவு நம்பகமாக இருக்கும். நம் நாட்டுச் சர்க்கரையில், சாறு காய்ச்சும்போது அழுக்கெடுக்கச் சுண்ணாம்பு சேர்ப்பார்கள். அதன் அளவு ஆலைக்கு ஆலை மாறும், புளிப்பும் அதோடு மாறும். புளிப்புப் போதாமல் சோடா மிஞ்சினால் சவுக்காரச் சுவை தட்டும். பேக்கிங் பவுடரில் தேவையான புளிப்பு அதற்குள்ளேயே இருப்பதால் சர்க்கரை எந்த ஊருடையதானாலும் கவலையில்லை. உங்கள் பேக்கிங் பவுடர் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, அரை டீஸ்பூனைச் சுடுதண்ணீரில் போடுங்கள். உடனே பொங்கி நுரைத்தால் சரி. சோம்பலாக இரண்டு குமிழ் விட்டால் புது டப்பா வாங்குங்கள்.

வெண்ணெய்

ஊத்துக்குளி வெண்ணெய் உப்பில்லாதது, மணமுள்ளது. இதற்கு மிகவும் பொருத்தம். ஒரே ஒரு எச்சரிக்கை: கடைந்தெடுத்த வெள்ளை வெண்ணெயில் நீர் கூடுதலாக இருக்கும். அளவும் ஒரு மாதிரியாக இருக்காது. பாக்கெட்டில் வரும் வெண்ணெயில் கொழுப்பு 80 சதவீதம் என்ற கணக்குக்குத்தான் மேலே உள்ள அளவு. வெள்ளை வெண்ணெயை வாங்கினால் குளிர்ந்த தண்ணீரில் இரண்டு முறை கழுவி, மோர் போன பிறகு உள்ளங்கையால் அழுத்திப் பிழிந்து, சுத்தமான துணியில் ஒற்றி எடுத்து, அப்புறம் 80 கிராம் நிறுங்கள். நாள்பட்டுப் புளித்த வாடை இருந்தால் நெய் காய்ச்ச வைத்துக்கொள்ளுங்கள். சாக்லேட் அந்த வாடையை மறைக்காது, எடுத்துக்காட்டும்.

மஞ்சள் நிற டேபிள் பட்டர் மட்டும்தான் இருக்கிறதென்றால் அதையே போடலாம். அதில் உப்பு இருப்பதால் தனியாக உப்புச் சேர்க்க வேண்டாம். நெய் போட நினைப்பவர்கள் 65 கிராம் நெய்யும் 15 மில்லி பாலும் எடுங்கள். வெண்ணெயில் இருக்கும் நீரை அந்தப் பால் ஈடு செய்கிறது. ஆனால் நெய் மணம் சாக்லேட்டை அமுக்கும். தேங்காய் எண்ணெயும் இதே 65, 15 கணக்கில் சேரும். காங்கயம் பக்கத்துச் செக்கு எண்ணெய்க்குத் தேங்காய் வாசம் தூக்கலாக இருக்கும். அது பிடித்தவர்களுக்கு அருமையான குக்கீ கிடைக்கும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரி செல்சியஸ் தாண்டினாலே உருகிவிடும் என்பதால் மாவை ஃபிரிட்ஜில் வைப்பதை மட்டும் தவிர்க்க முடியாது.

சாக்லேட், கோகோ

பேக்கிங் சாமான் கடைகளில் 500 கிராம் கட்டியாக மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் டார்க் காம்பவுண்ட். கோகோ வெண்ணெய்க்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பு சேர்த்தது. அட்டையில் பொருட்களின் பட்டியலைப் படித்தால் தெரிந்துவிடும். காம்பவுண்டில் குக்கீ வராது என்றில்லை, வரும். ஆனால் வாயில் கரையாமல் மெழுகு போல மேலண்ணத்தில் படியும், இனிப்பும் கூடும். அதைத்தான் போடுகிறீர்கள் என்றால் நாட்டுச் சர்க்கரையில் 30 கிராம் குறைத்துவிடுங்கள். 50 முதல் 60 சதவீதம் கோகோ உள்ள அசல் டார்க் சாக்லேட் இந்த அளவுகளுக்கு நேராகப் பொருந்தும்.

பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராகக் கோகோ விளைகிறது. நேர் வெயில் ஆகாத மரம், தென்னை நிழல் அதற்கு வசதி. பழத்தை உடைத்து, சதையோடு விதைகளை 5 முதல் 7 நாள் நொதிக்க வைத்து, காய வைத்து, வறுத்து அரைப்பதுதான் சாக்லேட். அந்த விதையிலிருந்து செய்த 70 சதவீத சாக்லேட் கிடைத்தால் தாராளமாகப் போடுங்கள். பழப்புளிப்பு மெலிதாகத் தெரியும், நாட்டுச் சர்க்கரையோடு நன்றாக இசையும். கோகோ கூடுதல் என்பதால் மாவு இறுகும். வெள்ளைச் சர்க்கரையில் 20 கிராமும் வெண்ணெயில் 10 கிராமும் கூட்டிக்கொள்ளுங்கள்.

கோகோ பவுடர் இனிப்பில்லாததாக இருக்க வேண்டும். பாலில் கலக்கும் ஊட்டச்சத்து பானப் பொடி இதற்கு ஆகாது; அதில் பாதிக்கு மேல் சர்க்கரையும் மால்ட்டும்தான். காபித் தூள் காபிச் சுவைக்காக இல்லை. சாக்லேட்டின் கசப்பைக் கொஞ்சம் தூக்கிக் காட்டுவதற்காக. டிகாக்‌ஷன் ஊற்றாதீர்கள், உருகிய சாக்லேட்டுக்குக் கொஞ்சம் நீரும் பகை.

மாவு சேர்க்கும் முறை

முட்டையை ஃபிரிட்ஜிலிருந்து ஒரு மணி நேரம் முன்பே எடுத்து வெளியில் வையுங்கள். குளிர்ந்த முட்டை நுரைக்காது. உருகிய சாக்லேட்டை அதில் ஊற்றினால் சாக்லேட் இறுகித் திரித்திரியாகும். மைதா, கோகோ, பேக்கிங் பவுடர், உப்பு, காபித் தூள் ஐந்தையும் சேர்த்து இரண்டு முறை சலித்துத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். இதன் பிறகு வேலை வேகமாக நடக்க வேண்டும் என்பதால் அவனைச் சூடேற்றுவதும் தட்டில் காகிதம் விரிப்பதும் இப்போதே முடிந்திருக்க வேண்டும்.

ஒரு போசியில் இரண்டு விரற்கடை தண்ணீர் வைத்துச் சூடாக்கி, லேசாக ஆவி வந்ததும் அடுப்பை அணைத்துவிடுங்கள். தண்ணீர் தொடாத அளவு மேலே ஒரு கிண்ணத்தை வைத்து, அதில் 150 கிராம் சாக்லேட்டும் வெண்ணெயும் போட்டு அப்படியே விடுங்கள். ஐந்து நிமிடத்தில் முக்கால்வாசி உருகியிருக்கும். மெதுவாகக் கிளறினால் மிச்சமும் கரையும். கொதிக்கும் தண்ணீர் மேல் வைக்காதீர்கள். 50 டிகிரிக்கு மேல் சூடேறினால் டார்க் சாக்லேட் திரிய ஆரம்பிக்கும். கிண்ணமும் கரண்டியும் துளி ஈரமில்லாமல் உலர்ந்திருக்க வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் சாக்லேட்டில் உள்ள சர்க்கரையும் கோகோத் துகளும் அந்த ஈரத்தைப் பிடித்துக்கொண்டு சேறு போல இறுகிவிடும். மைக்ரோவேவ் வைத்திருப்பவர்கள் 20 நொடிக்கு ஒருமுறை எடுத்துக் கிளறி உருக்கலாம். உருக்கிய கலவையை ஆறவையுங்கள். விரல் வைத்தால் இளஞ்சூடாக, குழந்தைக்குப் பால் கொடுக்கும் சூட்டில் இருக்க வேண்டும்.

இனி முட்டை. இரண்டு சர்க்கரையையும் வெனிலாவையும் சேர்த்து ஹேண்ட் பீட்டரில் அடியுங்கள். முதல் ஒரு நிமிடம் மெதுவாக, பிறகு முழு வேகத்தில் 4 முதல் 5 நிமிடம். நிறம் வெளுத்து, அளவு இரண்டு மடங்காகி, பீட்டரைத் தூக்கினால் வழியும் நாடா இரண்டு மூன்று நொடி மேலே தங்கி மறைய வேண்டும். விரல்களுக்கிடையே கொஞ்சம் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். நறநறவென்று இருந்தால் சர்க்கரை கரையவில்லை, இன்னும் அடிக்க வேண்டும். மேல்தோல் வெடிக்காத குக்கீக்கு பத்தில் எட்டு முறை காரணம் இந்த இடத்தில் அவசரப்பட்டதுதான். கை விஸ்க்கில் அடிப்பவர்களுக்கு 8, 10 நிமிடம் ஆகும்; கை வலிக்கும், ஆனால் முடியும்.

இளஞ்சூட்டுச் சாக்லேட்டை ஓரமாக ஊற்றி, நுரை அடங்காமல் அடியிலிருந்து மேலாகப் புரட்டிக் கலக்குங்கள். கோடு தெரிகிற நிலையிலேயே சலித்த மாவைக் கொட்டி, உலர்ந்த மாவு மறையும்வரை மட்டும் புரட்டுங்கள். பரோட்டா மாவுக்குப் பிசைகிற பழக்கம் கையில் இருக்கும், இங்கே அதை மறக்க வேண்டும். மைதாவை அதிகம் கிளறக் கிளற இழுவை ஏறும், குக்கீ ரப்பராகும். கடைசியில் நறுக்கிய 50 கிராம் சாக்லேட். விருப்பம் இருந்தால் வறுத்துத் தோல் நீக்கி ஒன்றிரண்டாக உடைத்த கடலைக்காய் 40 கிராம். தேங்காய்த் துருவல் போட ஆசைப்படுபவர்கள் உலர்ந்த கொப்பரைத் துருவலை 30 கிராமுக்குள் சேருங்கள். பச்சைத் தேங்காய் நீர் விடும், மறுநாளே கெடும்.

இப்போது மாவு இட்லி மாவை விடக் கெட்டியாக, பிரௌனி மாவு போல வழியும். பயப்படாதீர்கள், மைதா சேர்க்காதீர்கள். சாக்லேட் ஆறினால் தானாக இறுகும். ஆனால் எங்கே ஆறுவது என்பதில்தான் நம் ஊர்க் கோடை குறுக்கே வருகிறது. கோகோ வெண்ணெய் 34 டிகிரி வாக்கில் உருகும். சித்திரை மாதம் ஈரோட்டிலும் கரூரிலும் சமையலறையே அதற்கு மேல் இருக்கும்; மாவு எத்தனை நேரம் வைத்தாலும் இறுகாது. கிண்ணத்தை மூடி ஃபிரிட்ஜில் 20 நிமிடம் வையுங்கள். மார்கழியிலோ, பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சிலுசிலுவென்று வரும் ஆடி மாதத்துப் பொள்ளாச்சியிலோ 10 நிமிடம் வெளியில் வைத்தாலே போதும். கரண்டியில் எடுத்தால் குவியலாக நிற்க வேண்டும், வழியக் கூடாது, அதுதான் பதம். இரவு முழுவதும் ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். நுரை அடங்கி, மேலே காய்ந்து, சுட்டால் உருண்டையாகவே நிற்கும், தோலும் வெடிக்காது.

சுடுதல்

25, 30 லிட்டர் ஓடிஜியில் (மேடை மேல் வைக்கும் மின்சார அவன்) மேல் ராடு, கீழ் ராடு இரண்டையும் போட்டு 180 டிகிரியில் 15 நிமிடம் முழுதாகச் சூடேற்றுங்கள். விளக்கு அணைந்துவிட்டது என்பதை நம்ப வேண்டாம். ராடு சூடாகியிருக்கும், சுவர்கள் சூடாகியிருக்காது. ஓடிஜி குமிழில் எழுதியிருக்கும் எண்ணுக்கும் உள்ளே இருக்கும் சூட்டுக்கும் பல டிகிரி வித்தியாசம் இருப்பது சகஜம். உள்ளே தொங்கவிடும் அவன் தெர்மாமீட்டர் ஒன்று இருந்தால் ஊகிக்க வேண்டியதில்லை. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்றைக்கு என்று பார்த்துவிட்டு மாவைக் கலக்குங்கள். பாதி வெந்து நின்ற குக்கீயை மறுபடி சுட்டாலும் முழுக் குழைவு வராது.

வெளிர் நிற அலுமினியத் தட்டில் பேக்கிங் காகிதம் விரியுங்கள். கறுப்பு நான்ஸ்டிக் தட்டு சூட்டை அதிகம் வாங்கி அடியைக் கருக்கும். அதுதான் இருக்கிறதென்றால் 10 டிகிரி குறைத்துக்கொள்ளுங்கள். பலகாரம் மடிக்கும் மெல்லிய பட்டர் பேப்பர் வேண்டாம், ஒட்டிக்கொள்ளும். ஐஸ்கிரீம் கரண்டியாலோ இரண்டு ஸ்பூன்களாலோ 40 கிராம் குவியல்களாக, இரண்டரை அங்குல இடைவெளி விட்டு வையுங்கள். ஒரு தட்டில் 6 போதும். உருட்ட வேண்டாம், கைச்சூட்டில் இளகும்.

தட்டை நடுத்தட்டில் வைத்துக் கதவை மூடியதும் 170 டிகிரிக்கு இறக்குங்கள். 10 நிமிடம். விசிறியுள்ள கன்வெக்‌ஷனில் 160 வைத்து 9 நிமிடத்தில் பார்க்கத் தொடங்கலாம். இடையில் கதவைத் திறக்காமல் கண்ணாடி வழியே கவனியுங்கள். 4 நிமிடத்தில் விரிய ஆரம்பிக்கும், 7 வாக்கில் உப்பி நிற்கும், 8, 9இல் தோல் வெடிக்கும். ஓரம் ஒரு விரற்கடை அகலத்துக்கு மங்கலாகக் காய்ந்து, நடு இன்னும் உப்பலாக, வெடிப்புக்குள் ஈரம் மினுங்கும்போதே வெளியே எடுங்கள். வேகவில்லையே என்று மனம் சொல்லும். அந்தக் கட்டத்தில் எடுத்தால்தான் சரி. தட்டின் சூடு இன்னும் சில நிமிடம் உள்ளே வேகவைக்கும். குச்சி குத்திப் பார்க்கும் கேக் பழக்கம் இங்கே ஏமாற்றும். குச்சி சுத்தமாக வந்தால் குக்கீ ஏற்கெனவே வறண்டுவிட்டது.

எடுத்த உடனே தட்டை ஒரு அங்குலம் தூக்கி மேடையில் 'தொப்'பென்று இரண்டு முறை தட்டுங்கள். உப்பிய நடு அமுங்கி, வெடிப்பு இன்னும் அழகாக விரியும், உள்ளே அடர்த்தி கூடும். பிறகு 10 நிமிடம் தொடவே கூடாது. சூடாக இருக்கையில் எடுத்தால் இரண்டாகப் பிளந்து கையில் ஒட்டும். ஆறியதும் காகிதத்திலிருந்து தானாக விட்டு வரும்.

முதல் தடவை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சுட்டுவிடாமல் இரண்டே இரண்டு குக்கீயைச் சுட்டு, ஆறவிட்டு, பிட்டுப் பாருங்கள். உங்கள் அடுப்பின் நிமிடம் எது என்று அது சொல்லிவிடும். அந்த நேரத்தில் மிச்ச மாவு ஃபிரிட்ஜில் இருக்கட்டும்.

அவன் இல்லாத வீட்டில் கனமான வடச்சட்டியோ பழைய அலுமினியக் குக்கரோ போதும். குக்கரென்றால் கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட வேண்டும். அடியில் அரை அங்குலம் கல்லுப்பு பரப்பி, நடுவில் ஒரு பிரிமனை வைத்து, மூடி, நடுத்தர தீயில் 12 நிமிடம் சூடேற்றுங்கள். சின்ன அலுமினியத் தட்டில் நான்கு குக்கீ வைத்து, தீயைக் குறைத்து 12 முதல் 14 நிமிடம். மூடியின் உள்பக்கம் ஆவி படிந்து சொட்டினால் தோல் வெடிக்காது. மூடியில் ஒரு துணியை இறுக்கிக் கட்டி, முனைகளைத் தீ தொடாமல் மேலே முடிந்துவிடுங்கள். மேல்சூடு குறைவு என்பதால் பளபளப்பு கொஞ்சம் மட்டாக இருக்கும், குழைவில் குறை இருக்காது.

கோளாறு வந்தால்

தோசை மாதிரி பரவி ஓட்டை ஓட்டையாக வந்தால் மாவு குளிரவில்லை, அல்லது வெண்ணெயில் நீர் அதிகம், அல்லது அடுப்பு போதிய சூடேறவில்லை. மூன்றில் எது என்று தெரிய, அடுத்த தட்டை 15 நிமிடம் குளிரவைத்துச் சுட்டுப் பாருங்கள். அதிலும் பரவினால் 10 கிராம் மைதா மட்டும் சேர்க்கலாம். மாறாக, உருண்டையாகவே நின்றால் அதிகம் குளிர்ந்துவிட்டது. 10 நிமிடம் வெளியில் வைத்து, கரண்டியின் பின்பக்கத்தால் லேசாக அமுக்கிச் சுடுங்கள்.

பஞ்சு போல, கேக்காக வந்தால் மாவு கூடிவிட்டது அல்லது பேக்கிங் பவுடரைத் தலை தட்டாமல் போட்டீர்கள். உதகை, குன்னூர் வீடுகளில் இதே அளவு போட்டாலும் அதிகம் உப்பி அமுங்கும். உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. அங்கே பேக்கிங் பவுடர் கால் டீஸ்பூன் போதும்.

ஆறிய பிறகு விறைப்பாக, வறண்டு இருந்தால் இரண்டு நிமிடம் அதிகம் சுட்டிருக்கிறீர்கள். சாக்லேட் நிறம் கறுப்பு என்பதால் சிவந்ததா என்று நிறம் பார்த்து எடுக்க முடியாது. கடிகாரத்தையும் ஓரத்தையும்தான் நம்ப வேண்டும். அடி மட்டும் கருகினால் தட்டை ஒரு படி மேலே ஏற்றுங்கள், அல்லது இரண்டு தட்டை ஒன்றின் மேல் ஒன்றாக வையுங்கள்.

எண்ணெய் கசிந்து பளபளவென்று இருந்தால் சாக்லேட் உருகும்போது சூடு மிஞ்சித் திரிந்திருக்கிறது. மாவு கலக்கும் நிலையிலேயே இது தெரியும். ஒரு டேபிள்ஸ்பூன் வெதுவெதுப்பான பாலை ஊற்றி வேகமாகக் கலக்கினால் பெரும்பாலும் ஒன்றுசேரும்.

நடு ஆறிய பிறகும் கூழாக வழிந்தால் அது குழைவு இல்லை, வேகாதது. பச்சை முட்டையும் பச்சை மைதாவும் வயிற்றுக்கு ஆகாதவை. அந்தத் தட்டை மூன்று நிமிடம் மறுபடி உள்ளே வையுங்கள், குழைவு கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. குழந்தைகள் கிண்ணத்தை வழித்து நக்க வந்தாலும் கொடுக்க வேண்டாம்.

முட்டையில்லாமல்

புரட்டாசி முழுக்க முட்டை வாங்காத வீடுகளும் விரத நாள் பார்க்கும் வீடுகளும் இங்கே நிறைய. சாக்லேட், வெண்ணெய், கோகோ, உப்பு, காபி அளவு அப்படியே. முட்டைக்கும் வெள்ளைச் சர்க்கரைக்கும் பதிலாகக் கண்டென்ஸ்டு மில்க் 150 கிராம், நாட்டுச் சர்க்கரை 50 கிராம் மட்டும், மைதா 120 கிராம், பேக்கிங் பவுடர் முக்கால் டீஸ்பூன். உருகிய சாக்லேட்டில் கண்டென்ஸ்டு மில்க்கையும் நாட்டுச் சர்க்கரையையும் கரைத்து, சலித்த மாவைப் புரட்டிச் சேருங்கள். இறுக்கமாக இருந்தால் பால் ஒரு டேபிள்ஸ்பூன். இது தானாக அதிகம் பரவாது, அரை அங்குல கனத்துக்குத் தட்டி வைத்து 165 டிகிரியில் 9 நிமிடம் சுடுங்கள். மேல்தோல் வெடிக்காது, முட்டையின் வேலை அது. குழைவு என்னவோ முட்டைக் குக்கீயை விடக் கூடுதலாகவே இருக்கும், திரட்டுப்பால் போல.

மைதாவைக் குறைக்க நினைப்பவர்கள் 90இல் 30 கிராமுக்கு ராகி மாவு மாற்றலாம். நிறத்திலும் தெரியாது. ராகியில் இழுவை இல்லாததால் அதற்கு மேல் மாற்றினால் எடுக்கும்போதே உதிரும்.

வைத்திருப்பது

முழுதாக ஆறிய பிறகு, அடுக்குகளுக்கிடையே காகிதம் போட்டு, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். வெளியில் 4 நாள் தாராளமாக நிற்கும். இரண்டாம் நாள்தான் ஈரம் ஓரத்துக்கும் பரவி முழுக் குக்கீயும் ஒரே குழைவாகும், சிலருக்கு அதுதான் பிடிக்கும். ஃபிரிட்ஜில் வைத்தால் இறுகும். சாப்பிடும் முன் அரை மணி நேரம் வெளியில் வைத்தால் பழையபடி ஆகும், மைக்ரோவேவில் என்றால் 8 நொடி.

நோம்பிக்கு முன்கூட்டியே செய்து வைக்க, மாவைக் குவியல்களாகத் தட்டில் வைத்து ஃபிரீசரில் கல்லாக்கி, பிறகு பையில் போட்டுக் காற்றை வெளியேற்றி மூடிவிடுங்கள். ஒரு மாதம் வரை வைக்கலாம். வேண்டும்போது 10 நிமிடம் வெளியில் வைத்து, 2 நிமிடம் கூடுதலாகச் சுடுங்கள். வெடிப்பு சற்றுக் குறையும். விருந்தாளி வந்து உட்கார்ந்த பிறகு சூடாக எடுத்துக் கொடுக்க இதுதான் வழி.

நாட்டுச் சர்க்கரை சேர்ந்த பண்டம் என்பதால் சிற்றெறும்பு மோப்பம் பிடித்துவிடும். டப்பாவை அகலமான தட்டில் தண்ணீர் விட்டு, நடுவில் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன் மேல் வையுங்கள்.